ஐயா வண்டியும் சின்ன வண்டியும்

கார் வாங்கலாம் என்று என் வீட்டுக்காரர் ஜெபகுமார் சொன்ன அன்று எங்கள் வீட்டில் ஒரு மிக்ஸி கூட இல்லை. நான் அம்மியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தேன். "புதுசா ஒரு கார் எடுத்துடலாம், ஜாஸ்மின்" என்றார், புதுசாக ஒரு விளக்குமாறு எடுப்பது போல.

"இன்னாங்க, கம்பெனில வெயில்ல நின்னீங்களா?" என்று கேட்டேன்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் அது. வளைகுடாவில் சண்டை நடந்து பெட்ரோல் விலை ஏறியிருந்தது. ரூபாய்க்கு மதிப்பு இறங்கிவிட்டது என்று ரேடியோவில் தினம் சொன்னார்கள். ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்த அந்த மே மாதத்துக்குப் பிறகு எங்கள் பக்கம் எந்த ரோட்டில் போனாலும் போலீஸ் நிறுத்தி சோதனை போட்டுக்கொண்டிருந்தது. இப்படிப்பட்ட நேரத்தில்தான் எங்கள் வீட்டு ராஜாவுக்குக் கார் ஆசை வந்தது.

"எனக்கு இல்லடி. அம்மாவுக்கு" என்றார் அவர்.

அதற்குமேல் என்னால் கத்த முடியவில்லை. என் மாமியார் சந்திரம்மாளுக்கு முந்தின கிறிஸ்துமஸ் கழிந்த கையோடு பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. அது மெதுவாகத் திரும்பி வந்தபோது ஒரு மூச்சுக்கு இரண்டு வார்த்தை, மூன்று வார்த்தைதான் வந்தது. நான் தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அங்கேயே அத்தைக்குக் கை கால் பயிற்சி கொடுத்தார்கள். வாரத்தில் இரண்டு நாள் கூட்டிப் போக வேண்டும். எங்கள் ஊர் வழியாக வரும் பஸ்ஸில் நல்ல காலுள்ளவர்களே ஏற முடியாது. அதனால் நாங்கள் போனதெல்லாம் ஐயா வண்டியில்தான்.

ஐயா என்றால் இராமச்சந்திரன். மணிமங்கலத்திலிருந்து படப்பை போகும் வழியில் எங்கள் ஊர். ஊர் வேறு, காலனி வேறு, நடுவில் ஒரு வாய்க்கால். ஊர்ப் பக்கத்தில் அவருக்குப் பெரிய வீடும், ஏரிக்குக் கீழே நிலமும், ஒரு அம்பாசிடரும் இருந்தன. காலனியில் எங்கள் வீடு. அந்த அம்பாசிடரை ஓட்டியவர் என் மாமனார் யாக்கோபு. அதற்கு முன்னால் இருந்த வண்டியையும் அவர்தான் ஓட்டினார். முப்பது வருஷம் ஐயாவுக்கு அவர்தான் டிரைவர்.

ஐயாவைக் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். அத்தை விழுந்த அன்று சாப்பிட்டுக்கொண்டிருந்த மனுஷன் கையைக்கூடக் கழுவாமல் சாவியை எடுத்து மாமாவிடம் கொடுத்தார். அதற்கப்புறமும் ஆஸ்பத்திரிக்கு என்றால் இல்லை என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனால் அந்த வண்டியில் நாங்கள் போன லட்சணத்தைச் சொல்ல வேண்டும். அம்பாசிடரில் முன்பக்கம் பெஞ்சு மாதிரி ஒரே நீள சீட்டு. மாமா ஸ்டியரிங்கில், நடுவில் நான், ஜன்னலோரம் அத்தை. வராத கையும் காலுமாக அத்தை என் மேல் சாய, நான் மாமாவின் முழங்கையில் இடிபட, மூன்று பேரும் முன்னால் நெருக்கிக்கொண்டு போவோம். பின்சீட்டு காலியாக வரும். அதில் இடது பக்கம் ஒரு வெள்ளைத் துண்டு விரித்திருக்கும். அது ஐயா உட்காரும் இடம்.

பின்னால் உட்காரக் கூடாது என்று ஐயா சொன்னதே இல்லை. சொல்ல வேண்டிய தேவை அவருக்கு வரவில்லை. மாமாவே முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "சந்திரா, இங்க குந்து" என்பார். முதல் தடவை எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நோயாளியை எப்படி உட்கார வைக்க வேண்டும் என்று படித்து வந்தவள் நான். ஆனால் ஓசி வண்டியில் ஏறிக்கொண்டு சட்டம் பேச முடியுமா? வாயை மூடிக்கொண்டு போனேன்.

கார் பேச்சு வந்த ஒரு வாரத்துக்குள் மாமா ஒரு சேதியோடு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"ஐயா வண்டிய விக்கறாராம். அவரு புள்ள மெட்ராஸ்ல சொந்தமா வண்டி வாங்கிட்டாரு, இது வாணாமாம். ‘வெளியாளுக்குக் குடுக்க மனசு வரல யாக்கோபு, நீயே எடுத்துக்கோ’ன்றாரு. எனக்குன்னு வெச்சினு இருந்திருக்காரு பாரு ஜெபா."

அவர் சொன்ன விலையைக் கேட்டதும் எனக்கும் சிரிப்பு வந்தது. புதுக் காரில் பாதிக்கும் கீழே. நான் உடனே மாமா கட்சியில் சேர்ந்துவிட்டேன். எனக்கு யோசிக்கவே ஒன்றும் இருக்கவில்லை. அம்பாசிடரில் தாராளமாக ஆறு பேர் போகலாம், அவசரத்துக்குப் பத்துப் பேர் போகலாம். ஒரு போல்ட் கழன்றால் படப்பை மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு மாட்டுவான். அதன் ஒவ்வொரு சத்தத்துக்கும் என்ன அர்த்தம் என்று மாமாவுக்குத் தெரியும். ஜெபகுமார் ஆசைப்பட்ட வண்டியோ புதுசாக வந்த சின்ன வண்டிகளிலேயே மலிவான மாடல். ஏ.சி. கிடையாது, பாட்டுப் பெட்டி கிடையாது, ஓட்டுவதற்கு என்ன வேண்டுமோ அது மட்டும் இருக்கும். நாலு பேருக்கு மேல் ஏறினால் ஐந்தாவது ஆளை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு இரண்டு மடங்குக்கு மேல் பணம். பதிவு செய்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேறு வேண்டும்.

"இத்தினி காசு குடுத்து தீப்பெட்டில போவணுமா?" என்று கேட்டேன்.

"புதுசு ஜாஸ்மின். இதுக்கு முன்னாடி அதுல யாரும் குந்தியிருக்க மாட்டாங்க" என்றார் அவர்.

"யாரு குந்தினா இன்னா? சீட்டு தேஞ்சா போவுது?"

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு ஸ்பிரிங் கம்பெனியில் அவர் சூப்பர்வைசர். லைனில் ஐம்பது பேரை மேய்ப்பவர், வீட்டில் என்னோடு பேசி ஜெயித்ததே கிடையாது. "சரி, ஓட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்" என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நாங்கள் இருவரும் மாமாவோடு ஐயா வீட்டுக்குப் போனோம். வண்டியை மாமா துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார். மணிமங்கலம் வரை ஒரு சுற்றுப் போய் வரலாம் என்று பேச்சு. ஐயாவும் வெளியே வந்தார். "நானும் வரேன், கோயில் பக்கம் போயி நாளாச்சு" என்றார். மாமா ஓடிப் போய்ப் பின்கதவைத் திறந்தார். ஐயா ஏறி அந்தத் துண்டின் மேல் உட்கார்ந்தார். மாமா கதவைச் சாத்திவிட்டு எங்களைப் பார்த்தார்.

நாங்கள் இருவரும் முன்னால் ஏறினோம். மாமா, நடுவில் ஜெபகுமார், ஓரத்தில் நான். ஏரிக்கரை தாண்டின பிறகுதான் எனக்கு உறைத்தது. வண்டியை வாங்க வந்தவர்கள் நாங்கள். கையில் காசு வைத்திருப்பவர்கள் நாங்கள். வாங்குகிறவர்கள் மூன்று பேரும் முன்னால் நசுங்கிக்கொண்டு போகிறோம், விற்கிறவர் பின்னால் ஒருவராக உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டு வருகிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது.

"வண்டி இனிமே உன்னுது யாக்கோபு" என்றார் ஐயா பின்னாலிருந்து. "எனக்கொண்ணும் பெருசா வேலை இல்ல. வெள்ளிக்கெழம கோயிலு. மாசத்துல ரெண்டு தபா காஞ்சிபுரம், கோர்ட்டு வேலை. கண்ணு டாக்டர் ஒர்த்தர் தாம்பரத்துல. அப்பால எங்கனா கல்யாணம் காட்சி. நீ வழக்கம்போல வந்துடு. பெட்ரோலு நான் போட்டுக்கறேன்."

"அதுக்கு இன்னா ஐயா. சொல்லணுமா?" என்றார் மாமா.

"சொல்ல வேணாம்தான். இருந்தாலும் உன் மவன் இருக்கான், தெரிஞ்சிக்கட்டும்னு சொன்னேன்."

ஜெபகுமாரின் தொடை என் தொடையோடு ஒட்டியிருந்தது. அது இறுகியது எனக்குத் தெரிந்தது. திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் எதிரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். புதுசுதான் வேண்டும் என்று இந்த மனுஷன் ஏன் நின்றார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இந்த வண்டி எங்கள் வாசலில் நின்றாலும் அது ஐயா வண்டிதான். எங்கள் பேருக்கு எழுதிக் கொடுத்தாலும் அந்தத் துண்டு அங்கேயே கிடக்கும்.

வீட்டுக்கு வந்ததும் நான் கட்சி மாறிவிட்டேன். எனக்கு எதையும் மெதுவாகச் செய்யத் தெரியாது.

"மாமா, அவரு நமக்கு வண்டிய விக்கல. சம்பளம் இல்லாம ஒரு டிரைவர் வெச்சிக்கறாரு. வண்டி நிக்கறதுக்கு எடமும் நம்முது, ரிப்பேர் செலவும் நம்முது. இதான் மலிவா?"

மாமாவின் முகம் சுருங்கியது. "இன்னாம்மா பேசற? முப்பது வருசம் பழகின மனுசன். என்னிய நம்பித்தான் குடுக்கறாரு. வேற எவனுக்காவது குடுத்தாரா?"

"வேற எவனாவது சும்மா வந்து ஓட்டுவானா?"

கேட்டிருக்க வேண்டாம். ஆனால் கேட்டுவிட்டேன். மாமா எழுந்து வெளியே போய்விட்டார். கட்டிலில் இருந்த அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார். கோபமா, வேறு ஏதாவதா என்று எனக்கு விளங்கவில்லை. "ஜாஸ்மின்..." என்றார். வார்த்தைக்காகக் கொஞ்ச நேரம் தேடினார். வரவில்லை. விட்டுவிட்டார்.

அன்றிலிருந்து மாமா என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சோறு போட்டால் சாப்பிடுவார், போடாவிட்டால் கேட்கமாட்டார். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. அவருக்கு அது வண்டிப் பிரச்சினையே இல்லை. ஐயா மனசில் தனக்கு ஒரு இடம் இருக்கிறது என்று நம்பித்தான் அந்த மனுஷன் இத்தனை வருஷமும் காலையில் எழுந்து போயிருக்கிறார். அந்த நம்பிக்கைக்கு நான் விலை பேசிவிட்டேன். அது சரியாகவே இருந்தாலும் பேசியது பேசியதுதான்.

ஜெபகுமார் கம்பெனியில் லோன் போட்டார், நான் நகையில் கொஞ்சம் கொடுத்தேன், புதுவண்டிக்குப் பதிவு செய்தோம். ஐயாவிடம் போய்ச் சொன்னவர் மாமாதான். ஐயா ஒன்றும் திட்டவில்லையாம். "உன் இஷ்டம்" என்று மட்டும் சொன்னாராம். அதைச் சொல்லும்போது மாமாவின் குரல் உடைந்திருந்தது. திட்டியிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அம்பாசிடரைக் காஞ்சிபுரத்துக்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். மாமாவுக்கு வேலை அதோடு முடிந்தது.

சில மாதம் வாடகை வண்டியில் சமாளித்த பிறகு புதுவண்டி வந்தது. எடுக்க மாமாவும் ஜெபகுமாரும் நானும் மெட்ராஸ் போனோம். எந்தக் கலர் வேண்டும் என்று கேட்டார்கள், ஆனால் வெள்ளைதான் இருந்தது. ஏ.சி. மாடல் வேண்டாமா என்று கடைசி நிமிஷம் வரை கேட்டார்கள். ஜன்னல் திறக்குமில்லையா என்று நான் கேட்டேன். திறக்கும் என்றார்கள். அப்படியென்றால் போதும் என்றேன். ஜெபகுமாருக்கு லைசென்ஸ் இருந்தது, தைரியம் இல்லை. அதனால் மாமாதான் ஓட்டினார். முன்னால் தனித்தனியாக இரண்டே சீட்டு. ஜெபகுமார் அவர் பக்கத்தில், நான் பின்னால்.

மாமா வாயைத் திறந்து பாராட்டவில்லை. ஆனால் கியர் மாற்றும்போது அவர் கை ஒரு நொடி அதன் மேல் நின்று நின்று வந்ததை நான் பார்த்தேன். "லேசா கீது" என்றார் ஒரு தடவை. பாராட்டா, குறையா, தெரியவில்லை.

படப்பைக்கு முன்னால் போலீஸ் நிறுத்தியது. ஒரு கான்ஸ்டபிள் குனிந்து உள்ளே பார்த்தார். புதுவண்டி, நம்பர் பிளேட்டுகூட இன்னும் எழுதவில்லை.

"வண்டி யாருது? ஓனர் எங்க?" என்றார்.

"ஓனர் வரல சார்" என்றார் மாமா.

யோசித்துச் சொன்ன பதில் இல்லை அது. இத்தனை வருஷமாக ஐயா இல்லாத நேரத்தில் யார் கேட்டாலும் சொல்லிப் பழகிய பதில். தானாக வந்து விழுந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓனர் திரும்பித் தன் அப்பாவைப் பார்த்தார். கான்ஸ்டபிள் எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"நான்தான் சார் ஓனர். இவரு எங்க நைனா" என்றார் ஜெபகுமார், பேப்பர்களை எடுத்து நீட்டி.

கான்ஸ்டபிள் பார்த்துவிட்டு, "பெரியவரே, புள்ள வாங்கின காரு, வாய் நெறைய சொல்ல வேண்டியதுதானே" என்று சிரித்துக்கொண்டே அனுப்பினார். மாமா சிரிக்கவில்லை. எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் அந்த இடத்திலேயே போய்விட்டது. பின்னால் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

காலனியில் வண்டி நுழைந்ததும் தேர் வந்த கூட்டம். போதகர் வந்து பானெட்டில் கை வைத்து ஜெபித்தார். அது முடிந்த மறு நிமிஷமே விமர்சனம் தொடங்கிவிட்டது. இந்தக் காசுக்கு நிலம் வாங்கியிருக்கலாம் என்றார் எதிர்வீட்டு ரத்தினம். மாவு மிஷின் போட்டிருந்தால் மாசம் வருமானம் வந்திருக்கும் என்றாள் அவர் பெண்சாதி முனியம்மாள். தகரம் மெலிசாக இருக்கிறதே என்று ஒருவர் தட்டிப் பார்த்தார். எல்லோருக்கும் நான் ஒரே பதில்தான் சொன்னேன்: "ஆமா, தண்டச் செலவுதான்." உண்மையில் எனக்கும் அந்தச் சந்தேகம் தீரவில்லை. மாதா மாதம் லோன் பிடித்ததுபோக வந்த சம்பளத்தை இரண்டு தடவை எண்ணிப் பார்ப்பேன். வாரம் இரண்டு தரம் ஆஸ்பத்திரி, ஞாயிற்றுக்கிழமை கோயில். இதற்கு வாடகை வண்டியே பிடித்திருக்கலாம் என்று ராத்திரி டியூட்டியில் உட்கார்ந்து யோசிப்பேன்.

மாமா தினம் வண்டியைக் கழுவினார். கழுவும்போதெல்லாம் வாய்க்கால் பக்கம் பார்த்துக்கொள்வார். ஐயா ஒரு நாள் வந்து வண்டியைப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்வார் என்று எதிர்பார்த்தார். ஐயா வரவில்லை.

அவர் வந்தது வேறு விதமாக.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஜெபகுமார் முதல் ஷிப்டுக்குப் போயிருந்தார். ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப அத்தையை நான் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். அவரைப் பின்னால்தான் உட்கார வைப்பேன், இடது பக்கம். வலது பக்கம் நான் உட்கார்ந்தால் வராத பக்கத்தைத் தாங்கிக்கொள்ளலாம். முன்சீட்டில் உட்கார வைத்தால் பிடிக்க ஆள் இல்லை. சின்ன வண்டியில் அத்தையை ஏற்றுவது லேசான வேலை இல்லை. முதலில் முதுகைக் காட்டி உட்கார வைத்து, பிறகு காலை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்து, தலை இடிக்காமல் திருப்ப வேண்டும். எல்லாம் முடித்து நான் மறுபக்கம் ஏறினபோது எனக்கு வியர்த்து ஊற்றியது. மாமா சாவியைப் போட்டிருந்தார்.

அப்போது வாய்க்கால் பாலத்தில் ஐயா நடந்து வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் குடை. அவர் காலனிக்குள் வந்து நான் பார்த்ததே இரண்டு மூன்று தடவைதான். மாமாவின் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தேன். குழந்தையைப் போல மலர்ந்துவிட்டது. சட்டென்று இறங்கி நின்றார்.

"வாங்க ஐயா, வாங்க. வண்டி பாக்க வந்தீங்களா?"

"ம். நல்லாத்தான் இருக்கு" என்றார் ஐயா. மாமா காத்திருந்தது அதற்குத்தான். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். "தாம்பரம் போறியாமே யாக்கோபு. எனக்கும் கண்ணு டாக்டரப் பாக்கணும். நானும் வந்துடறேன்."

"வாங்க ஐயா. இதுக்கு இன்னா" என்றார் மாமா.

ஐயா நேராகப் பின்கதவுக்கு வந்து அதைத் திறந்தார். அத்தையைப் பார்த்தார். அங்கே ஆள் இருக்கும் என்று அவர் நினைக்கவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. கதவைப் பிடித்தபடியே மாமா பக்கம் திரும்பினார். கோபமில்லாத சாதாரணக் குரலில்தான் சொன்னார்.

"சந்திராவ முன்னாடி உக்கார வெச்சிடு யாக்கோபு. இந்தப் பொண்ணு வேணும்னா பஸ்ல வந்துடட்டும்."

என் வாய்க்கு நூறு பதில் வந்தது. ஆனால் அத்தை தன் நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், இறுக்கமாக. அத்தை என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாக மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமா நின்றார். அவர் கை முன்கதவின் பிடிக்குப் போனதை நான் பார்த்தேன். எத்தனை தடவை அந்தக் கை அப்படிப் போயிருக்கும்! முன்கதவைத் திறந்தார். இந்த மனுஷன் இப்போது அத்தையை இறக்கச் சொல்வார், நான் இறக்கினால் இனிமேல் இந்த வீட்டில் எனக்கும் அவருக்கும் பேச்சே இருக்காது என்று நினைத்தேன். வண்டி, லோன், நகை எல்லாம் வீண் என்று நினைத்தேன்.

"முன்சீட்டு காலியாத்தான் கீது ஐயா" என்றார் மாமா. "நீங்க இங்க குந்துங்க. எம் பக்கத்துல."

ஐயாவுக்கு முதலில் காதில் விழவில்லை என்று நினைக்கிறேன். "இன்னா?" என்றார்.

"சந்திராவ ஏத்தறதுக்குள்ள மருமவப் பொண்ணுக்கு வேர்த்து வுட்டுச்சி. திரும்ப எறக்க முடியாது. முன்னாடி நல்லா காத்து வரும் ஐயா. வாங்க."

தெரு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. ஐயா திறந்திருந்த முன்கதவைப் பார்த்தார், டிரைவர் சீட்டைப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவில் ஒரு கியர்த் தண்டு, அவ்வளவுதான் இடைவெளி. அந்த வண்டியில் ஒதுங்கி உட்கார இடமே கிடையாது. காசு மிச்சம் பிடிக்க யாரோ எங்கேயோ அப்படிச் சின்னதாகச் செய்துவைத்திருந்தார்கள்.

"நான் எப்ப முன்னாடி உக்காந்தேன் யாக்கோபு?" என்றார் ஐயா. உண்மையாகவே கேட்டார்.

மாமா கதவைப் பிடித்தபடி நின்றார். ஐயா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பின்கதவைச் சாத்தினார். ஓங்கி அறையவில்லை, மெதுவாகத்தான் சாத்தினார். "நீ போயிட்டு வா. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துப் பாலத்தின் பக்கம் நடந்தார்.

மாமா வந்து ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். கிளட்சை விட்டபோது வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது. முப்பது வருஷம் வண்டி ஓட்டினவர்! ரத்தினம் வீட்டு வாசலில் யாரோ சிரித்தார்கள். மாமா திரும்ப ஸ்டார்ட் செய்து, பாலத்தில் ஐயாவைத் தாண்டும்போது ஹாரன் அடிக்காமல் ஓரமாக மெதுவாகப் போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

ஏரிக்கரை ஏறினோம். "மாமா" என்றேன். அவரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போல இருந்தது. என் மாமனாரை அதுவரை நான் ஒரு நாள்கூடப் பெருமையாக நினைத்ததில்லை, அன்று நினைத்தேன்.

"தப்பு பண்ணிட்டனா தெரியல" என்றார் அவர், யாரிடம் என்று இல்லாமல். "இத்தினி வருசத்துல ஒர்த்தர்கிட்ட நான் இப்பிடிப் பேசினதில்ல. நீ இங்க குந்து, நீ அங்க குந்துன்னு ஒர்த்தரயும் சொன்னதில்ல."

அத்தை என் தோளிலிருந்து தலையை நிமிர்த்தினார். உதடு அசைந்தது. வார்த்தை வரக் கொஞ்ச நேரம் பிடித்தது, ஆனால் வந்தபோது தெளிவாக வந்தது.

"என்னிய சொன்னியே" என்றார்.

மாமா கண்ணாடியில் அத்தையைப் பார்த்தார். பிறகு வண்டியை ரோட்டோரமாக நிறுத்தி, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். அத்தை அவரைத் தடுக்கவில்லை, என்னையும் தடுக்க விடவில்லை. அன்று ஆஸ்பத்திரிக்கு நாங்கள் தாமதமாகத்தான் போனோம்.